தாழ் போட்ட பின் வந்த பேச்சு

என்னை ‘நீ’ என்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மரியாதை கிடைக்கவில்லை என்று அழுகிறவனைப் பார்த்திருக்கிறோம், மரியாதை அதிகமாகிவிட்டது என்று புலம்புகிறவனை இப்போதுதான் பார்க்கிறோம் என்கிறார்கள். அவர்கள் கோயமுத்தூரில் ஒரு மாதம் தனியாகக் குடியிருந்து பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியம் முடியாது. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம்கூட ‘ஏனுங், காலுங்க’ என்றுதான் சொல்வோம். கைகலப்பு வரைக்கும் போகிற சண்டையிலும் ‘என்னங்க நெனச்சுட்டு இருக்கறீங்க’ என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையைப் பிடிப்பார்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் தெருநாயை விரட்டுவதை நேற்றுக் கேட்டேன். “அக்கட்டால போங்க சாமி, போங்க,” என்றார். நாயும் மரியாதையாகப் போனது.

எனக்கும் அந்த நாய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேக்கரியில் “வாங்க சார், டீ ஸ்ட்ராங்காங்க, லைட்டாங்க?” என்கிறார்கள். சாமான் கொண்டு வருகிறவர் “சார், ஓடிபி சொல்லுங்க,” என்கிறார். போனில் யாரோ ஒரு பெண்மணி, நீங்கள் ஒன்றை அழுத்தவும், நீங்கள் இரண்டை அழுத்தவும் என்று எப்போதோ பதிவு செய்து வைத்த குரலில் உபசரிக்கிறார். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் நான்தான் மூத்தவன். தம்பி ‘வாங்கண்ணா’ என்பான். காலேஜில் என் சட்டையைக் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டு போன நண்பன் உடுமலையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறான். போன் செய்தால் “சொல்லுங்க மாப்ள,” என்கிறான். எங்கள் நடுவில் அந்த ‘ங்க’ எப்போது வந்து உட்கார்ந்தது என்று இருவருக்குமே தெரியாது. தொப்பை மாதிரிதான், ஒரு நாள் குனிந்து பார்த்தால் இருக்கிறது.

ஒரு மனிதனுக்கு வெளியே மரியாதை வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் அவனை மரியாதை இல்லாமல் நடத்த ஒரே ஒரு ஆளாவது வேண்டும். எனக்கு அப்படி ஒருத்தி இருந்தாள். என் மனைவி. அவள் போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது.

நாங்கள் இருவரும் காலேஜில் ஒரே வகுப்பு. அவள் சென்னிமலைக்காரி. தறிச் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசி வளர்ந்த குரல். முதல் வாரத்திலேயே இரண்டு பெஞ்சு தள்ளி இருந்து, “டேய், அந்த ஸ்கேலக் குடுடா,” என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் பிறகு எப்படிக் கல்யாணத்தில் போய் முடிந்தது என்பது நீளமான கதை. இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், பிறகு இறங்கி வந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். “கண்ணு, நீங்க ரெண்டு பேரும் தனியா எப்படிப் பேசிக்குவீங்களோ, அது எனக்கு வேண்டாம். ஆனா ஒறம்பரைக்கு முன்னால அவனை அவன் இவன்னு சொல்லிப்போடாத. சிரிச்சுப்போடுவாங்க.” ஒறம்பரை என்றால் சொந்தபந்தம். எப்போது வரும், எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது.

“சேரிங்க அத்தை,” என்றாள். சொன்ன சொல்லைக் கடைசி வரைக்கும் காப்பாற்றினாள். என் குறையே அதுதான்.

வெளியே அவளைப் போல ‘ங்க’ போட ஆள் கிடையாது. “ஏனுங் மாமா, சித்த இங்க வாங்க.” “அவிய வந்துருவாங்க, இருங்க.” என் பெரியம்மாக்கள் உருகிப் போவார்கள். இந்தக் காலத்தில் படித்த பெண் இப்படி அடக்கமாக இருக்கிறாளே என்று மற்ற மருமகள்களுக்கு அவளை உதாரணம் காட்டி, அந்த மருமகள்களின் வயிற்றெரிச்சலையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார்கள். ஒறம்பரையை வாசல்வரை போய் வழியனுப்பி, கதவைச் சாத்தி, தாழ் போடுவோம். அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தோடு மொழி மாறும்.

“அப்பாடா. டேய், உன்ற சித்தப்பா என்னடா, பாயசத்துல அப்பளத்த நொறுக்கிப் போட்டுத் திங்கறாரு?”

நானும் அப்போதுதான் நானாவேன். கூடத்தில் உட்கார்ந்து ஊர் விஷயம் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெரிய மனிதர் யார் என்று எனக்கே சிரிப்பாக இருக்கும். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. நாலு பேர் நடுவில் அவளுக்குக் கோபம் வந்தால் ‘ங்க’ இரண்டு மடங்காகும். “பரவாலீங்க மாமா, நீங்க மெதுவாவே வாங்க,” என்றால் வீட்டில் எனக்கு நல்ல கச்சேரி இருக்கிறது என்று பொருள். “ரொம்பச் சந்தோசமுங்க,” என்று சொல்லிவிட்டாளென்றால் இரண்டு நாளைக்கு நான் வாயைத் திறக்கக் கூடாது. கேட்கிறவர்கள் எல்லாம், என்ன மரியாதை, என்ன மரியாதை என்பார்கள்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டாள். மருதமலைக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஒறம்பரை கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

“டேய், தயிர எங்கடா வெச்சே?”

கூடத்தில் எல்லாக் கையும் இலையிலேயே நின்றது. ஒரு பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து இரண்டாவது குரல் தேனாக வந்தது. “கண்ணு, உன்னத்தான் கேக்கறேன், தயிர எங்க வெச்சே கண்ணு?”

எங்கள் மகள் அப்போது ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். கடைசி இலையில் உட்கார்ந்து அப்பளம் கடித்துக்கொண்டிருந்தவள் சமையலறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எனக்குத் தெரியாதும்மா, அப்பாவக் கேளு,” என்றாள். கூடமே சிரித்தது. “இத்தனூண்டு புள்ளைகிட்டப் போயித் தயிரக் கேக்கறா பாரு,” என்று சொல்லிச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள். அவர்கள் போய்த் தாழ் போட்ட பிறகு அவள் சமையலறைத் தரையில் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “உன்னாலதான்டா. தயிர எடுத்த இடத்துல வெச்சிருந்தா என்ற மானம் போயிருக்காதுல்ல?”

இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பிறகு அவள் வயிற்றில் ஒரு கட்டி வந்தது.

ஆஸ்பத்திரி அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் எங்களுக்கு நேர்ந்த கெட்டதிலெல்லாம் கெட்டது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எந்த நேரமும் யாராவது இருந்தார்கள். நர்ஸ் இருந்தார், இல்லாவிட்டால் டாக்டர், இல்லாவிட்டால் ஆரஞ்சுப் பையோடு ஒறம்பரை. அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு ‘ங்க’ குறையாமல் எல்லோருக்கும் பதில் சொன்னாள். எனக்கும் அப்படியே சொன்னாள்.

ஒரு மத்தியானம் யாருமே இல்லை. அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள். உதடு பிரிந்தது. எனக்குத் தெரியும், அந்த வாய் அமைப்பு எந்தச் சொல்லுக்கு என்று எனக்குத் தெரியும். கதவு திறந்தது. இளநீரோடு பெரியம்மா.

“ஏனுங், பெரியம்மாவுக்குச் சேர் போடுங்க,” என்றாள்.

போட்டேன். பெரியம்மாவை அன்றைக்கு வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. பாவம், அவர் உடுமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

கடைசியாக அவள் என்னிடம் சொன்னது இதுதான்: “நீங்க கீழ போயிச் சாப்பிட்டுட்டு வாங்க.” பக்கத்தில் அவள் அண்ணனும் எங்கள் மகளும் இருந்தார்கள். நான் கீழே போய்விட்டுத் திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. என்னைக் கண்டபடி திட்டியவள், கொஞ்சியவள், என் குறட்டையைப் பாவனை செய்து காட்டியவள், கடைசியில் என்னை ஒரு விருந்தாளியைப் போல அனுப்பி வைத்துவிட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ஒரு நாள் உங்களை நீ என்று சொல்லியிருப்பாங்களா? அந்தக் காலத்துப் பொம்பளையாட்டந்தானே இருந்தாங்க? நான் தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல? இல்லைங்க, அவள் என்னை வாடா போடா என்றுதான் சொல்வாள் என்று பிணத்தின் தலைமாட்டில் நின்று சொல்ல முடியுமா? அவர்கள் நிஜமாகவே அழுதார்கள். ஆனால் அவர்கள் அழுதது வேறு ஒருத்திக்காக. எனக்குத் தெரிந்தவளுக்காக அழ நான் ஒருவன்தான் இருந்தேன். அவளைப் பற்றி இன்னொருவரிடம் பேசக்கூட வழி இல்லை.

அதன் பிறகுதான் போனைத் தோண்ட ஆரம்பித்தேன். நான் வேலை பார்த்தது ஒரு மோட்டார் கம்பெனியில், பம்பு செட்டுகளை ஓட்டிப் பார்க்கிற பிரிவில். அங்கே இருக்கிற இரைச்சலில் போன் பேச முடியாது. அதனால் அவள் வாட்ஸப்பில் பேசி அனுப்புவாள். நான் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துக் கேட்பேன். பக்கத்து மேஜைக்காரர்களும் கேட்பார்கள். இது அவளுக்குத் தெரியும். ஆகவே அத்தனையும் ‘ங்க’தான். “ஏனுங், கேஸ் வந்துருச்சுங்க.” “ஏனுங், இன்னைக்குச் சிறுவாணித் தண்ணி வரலீங்க, வெளிய எங்கியும் நிக்காம வந்துருங்க.” “ஏனுங், கருவேப்பிலை.” ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேலை வெட்டி இல்லை. ஒன்றுவிடாமல் கேட்டேன். எங்காவது ஒரு ‘டா’ தவறி விழுந்திருக்காதா, நிறுத்துகிற பொத்தானை அழுத்த மறந்து ஏதாவது முணுமுணுத்திருக்க மாட்டாளா என்று தேடினேன். இல்லை. காரியத்தில் அவள் கெட்டிக்காரி.

‘ஏனுங்’ என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு மட்டும் இருக்கிறது. வந்த சொல்லை விழுங்கிவிட்டு வேறு சொல்லை எடுக்கிற மூச்சு. சில நாட்களில் அந்த மூச்சை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். யாரிடம் சொல்லப் போகிறேன்?

இரண்டில் எது அசல் என்று உட்கார்ந்து யோசித்ததுண்டு. ‘ங்க’ பொய் என்று சொல்ல மாட்டேன். அது வெளியே போட்டுக்கொண்டு போகிற சட்டை, வீட்டுக்கு வந்தால் கழற்றி ஆணியில் மாட்டுகிறோம். என் கஷ்டம் வேறு. கழற்றச் சொல்ல ஆளில்லாமல் நான் இப்போது அந்தச் சட்டையோடேயே தூங்குகிறேன், எழுந்திருக்கிறேன். எல்லோருக்கும் சார். எல்லோருக்கும் நீங்க. உள்ளே இருந்த அவன் இன்னும் இருக்கிறானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. வெளியிலிருந்து வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டதும் ஒரு கணம் அங்கேயே நிற்பேன். பழக்கம். பிறகு செருப்பைக் கழற்றுவேன்.

இந்தப் பொங்கல் லீவுக்கு மகள் வந்திருந்தாள். ஹைதராபாத்தில் வேலை. காலையில் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சத்தத்தைக் குறைத்து வைத்துப் போனைக் காதில் பிடித்திருந்தேன். தோசைத் திருப்பியோடு வந்து என் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

“அது அதுல இருக்காதுப்பா,” என்றாள்.

“எது?”

“அம்மா உங்கள டா போட்டுப் பேசறது.”

போனைக் காதிலிருந்து எடுத்தேன். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்தத் தயிர் எனக்கில்லைன்னு அன்னைக்கே தெரியும்ப்பா. ஃபிரிட்ஜுக் கதவே எட்டாது எனக்கு, நான் எங்க தயிர எடுத்து வெக்கறது? சுவத்துக்கு அக்கட்டாலதான் படுத்திருந்தேன். தினமும் கேப்பேன். அம்மா டா போட்டுப் பேசிட்டு இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். ஊட்ல எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். ங்க கேட்டா யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம்.”

“ஏன் கண்ணு ஒரு நாளும் சொல்லல?”

“நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டு மறைச்சு வெச்சிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

அந்த ஆஸ்பத்திரி அறையைப் பற்றி அவளிடம் சொன்னேன். கடைசி வார்த்தையும் ‘வாங்க’ என்று போய்விட்டதே என்று சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. சொல்லும்போது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் தோசைத் திருப்பியை மேஜையில் வைத்தாள்.

“அது கடைசி இல்லப்பா,” என்றாள். “நீங்க லிஃப்ட்டுக்குப் போனீங்க. மாமாவும் டாக்டரப் பாக்கறேன்னு போயிட்டாரு. நானும் அம்மாவும் மட்டுந்தான். அம்மா கதவப் பாத்துட்டே சொன்னாங்க.” நிறுத்தினாள்.

“சொல்லு.”

“‘போறான் பாரு. திங்க மாட்டான். ஒரு டீயக் குடிச்சுப்போட்டு வந்து, சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவான். எனக்குத் தெரியாதாக்கும் அவனை. நீ விட்றாத அம்மணி’ன்னாங்க. அதுக்கப்புறந்தான் கண்ண மூடினாங்க.”

அவன். அவனை. ஒறம்பரைக்கு முன்னால் மட்டும் சொல்லாதே என்று என் அம்மா கேட்டுக்கொண்ட அதே சொல். அறையில் ஒறம்பரை இல்லை. மகள் மட்டும்தான் இருந்திருக்கிறாள். எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்ட பிறகு அவள் சொல்லியிருக்கிறாள், எப்போதும் போல. நான்தான் தப்பான பக்கத்தில் இருந்துவிட்டேன்.

அழுதேன். பிணத்தை எடுக்கும்போது வராத அழுகை. மகள் எழுந்து வரவில்லை, கையைப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தோசைக் கல்லில் ஒன்று கருகுகிற வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். “அன்னைக்குக் கீழ போயிச் சாப்டீங்களாப்பா?”

“டீதான் குடிச்சேன்.”

தலையை ஆட்டிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தாள்.

லீவு முடிந்து ஹைதராபாத்துக்குப் போய்விட்டாள். இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு என் நாட்கள் மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. பேக்கரியில் வாங்க சார். போனில் நீங்கள் ஒன்றை அழுத்தவும். தாழ் போட்டுவிட்டு ஒரு கணம் நிற்பதும் அப்படியே இருக்கிறது. என்னைப் பற்றி அவ்வளவு துல்லியமாகப் புகார் சொல்லத் தெரிந்த ஒருத்தி இருந்தாள் என்பது நிச்சயமாகத் தெரிந்ததில் ஏக்கம் குறையவில்லை, கூடித்தான் போயிற்று.

நேற்றுப் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், மகள் போன் செய்தாள். வழக்கமான விசாரிப்புகள். அங்கே மழை, ஆபீசில் வேலை அதிகம், ரத்த அழுத்த மாத்திரை போட்டீங்களா, போட்டேன். மத்தியானம் எனக்குச் சமைக்கச் சலிப்பாக இருந்தது. பேக்கரிக்குப் போய் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

“மத்தியானம் சாப்டீங்களாப்பா?”

“சாப்பிட்டேன் கண்ணு.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். பிறகு ஒரு சின்ன மூச்சு கேட்டது. வந்த சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லை எடுக்கிற மூச்சு என்றுதான் நினைத்தேன்.

“பொய் சொல்றே,” என்றாள்.

‘ங்க’ வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

போனை அணைக்காமல் மேஜையில் வைத்துவிட்டு, போய் அரிசியைக் களைந்தேன்.